முதலில் சாய்தளம், அப்புறம் மனம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எங்கள் அணித் தோழர்களே, இந்த மாலை நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தென்காசிப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாள். இன்றைய தலைப்பு: "மாற்றுத்திறனாளிகள் ஊரோடு ஒன்றாக வாழப் பெரிதும் தேவைப்படுவது மனமாற்றமா, சட்டமும் வசதியுமா?" சட்டமும் வசதியும்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். திருவிழா அன்றைக்குக் கோயில் படியில், சக்கர நாற்காலியில் வந்த ஒருவரை நாலு இளைஞர்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சன்னதியில் நிறுத்தியதைச் சொன்னார். அவை கைதட்டியது. அன்பைச் சட்டம் போட்டு வாங்க முடியுமா என்று கேட்டார். சாய்தளம் கட்டினாலும் அதன்மேல் பைக்கை நிறுத்துகிற மனம் இருக்கும்வரை என்ன பயன் என்றார். 1995-லிருந்து சட்டம் இருக்கிறதே, என்ன நடந்துவிட்டது என்றும் கேட்டார். கழுத்துக்குக் கீழே செயலிழந்தும் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய நம் ஆய்க்குடி ராமகிருஷ்ணன் மன உறுதியால்தானே சாதித்தார் என்று முடித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

தூக்கிய இளைஞர்களை நானும் வணங்குகிறேன். ஆனால் தூக்கப்பட்டவர் பக்கம் போய் நின்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அவருக்குச் சாமி கும்பிட வேண்டும் என்று தோன்றியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கோயில் வாசலில் நாலு பேர் இல்லை, பூ விற்கிற அம்மா மட்டும்தான் இருக்கிறார். அப்படியென்றால் திருவிழா வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். சரி, திருவிழாவும் வந்தது, தூக்கிக்கொண்டு போய் உள்ளே நிறுத்தினார்கள். கூட்டம் நெரிக்கிறது, அவருக்கு வெளியே போக வேண்டும். தூக்கியவர்கள் தேர் பக்கம் போய்விட்டார்கள். யாராவது கண்ணில் படும்வரை அங்கேயே இருக்க வேண்டும், அவசரம் என்றாலும். நாற்காலியில் வந்தது வயதுப்பெண் என்றால் என்ன செய்வீர்கள்? முன்பின் தெரியாத நாலு ஆண்கள் கை வைத்துத் தூக்குவதற்கு அவள் சம்மதிக்க வேண்டும். "வேண்டாம், நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன்" என்று அவள் சொல்வாள். ஊர் அதை எப்படிப் பேசும்? "அந்தப் பொண்ணு யாரோடயும் ஒட்டாது" என்று பேசும்.

நடுவர் அவர்களே, நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிற நாள் மனிதனுக்கு ஒன்று போதும். உயிரோடு இருக்கிறவரை அவன் தானாகப் போய்த் தானாகத் திரும்பி வர வழி வேண்டும்.

அடுத்து, சாய்தளத்தில் நிற்கிற பைக். அந்தக் காட்சியை நானும் தினமும் பார்க்கிறேன், கோபம் எனக்கும் வருகிறது. ஆனால் பைக்கை நகர்த்திவிட்டு அந்தச் சாய்தளத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 1 அடி உயரம் ஏற வேண்டுமென்றால் 12 அடி நீளம் வேண்டும், இதுதான் விதி. வாசல் தரையைவிட 2 அடி உயரம் என்றால் 24 அடி நீளத்துக்குச் சாய்தளம் போக வேண்டும். நம் பக்கத்தில் பல கட்டடங்களில் அதே 2 அடி உயரத்துக்கு 6 அடியில் சிமெண்டைப் பூசிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சில இடத்தில் மேலே வழவழப்பான டைல்ஸ் வேறு. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அதில் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஏறினால் முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழும். இறங்கினால் நேராக ரோட்டில் போய் விழ வேண்டியதுதான். ஆக, அந்தச் சாய்தளத்தை யாரும் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தவும் முடியாது. யாரும் பயன்படுத்தாத இடத்தில் பைக் நிற்கும். பைக் நிறுத்துகிறவர் கெட்டவர் அல்ல. அந்த வழியாக ஒருத்தர் வருவார் என்பது அவர் புத்தியில் இல்லை, ஏனென்றால் ஒருத்தரும் வந்து அவர் பார்த்ததில்லை. கணக்குப்படி கட்டிய சாய்தளத்தில், தினமும் ஒருவர் ஏறி இறங்குகிற இடத்தில், பைக் தானாக விலகும். விலகாவிட்டால் அபராதம் போடுங்கள், ஒரு வாரத்தில் விலகிவிடும்.

மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பிறந்து வளர்ந்து, அலையில் கால் நனைக்காத சக்கர நாற்காலிக்காரர்கள் எத்தனையோ பேர். கடலுக்கும் சாலைக்கும் நடுவில் இருந்த மணலில் சக்கரம் புதைந்துவிடும். யாருக்கும் அவர்கள்மேல் வெறுப்பு இல்லை. அவர்கள் கடற்கரைக்கு வரக்கூடாது என்று ஒரு மனிதர்கூடச் சொன்னதில்லை. மணல் மட்டும்தான் தடையாக இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை இந்த டிசம்பர் நாளை ஒட்டித் தற்காலிகப் பாதை போட்டார்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் விடாமல் கேட்டுக்கேட்டு, 2022 நவம்பரில் நிரந்தரமாக மரப்பாதை வந்தது, 263 மீட்டர் நீளம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துப் போட்டது. "இதுக்கெல்லாம் எதுக்கு இவ்வளவு செலவு" என்று அப்போது சிலர் பேசினார்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரும்பச் சரிசெய்தார்கள். சாதாரண சாலை புயலில் அடித்துப்போனால் இனி சாலையே வேண்டாம் என்று யாராவது சொல்கிறோமா? வசதி என்று நான் சொல்வது கட்டித் திறந்து வைப்பதை மட்டும் அல்ல, உடைந்தால் உடனே சரிசெய்ய வரவுசெலவுக் கணக்கில் பணம் ஒதுக்கி வைப்பதையும் சேர்த்துத்தான்.

இப்போது என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்போம், பிசியோதெரபிஸ்ட் கூட வருவார். எதிரணித் தலைவர் சொல்கிற மனம் எப்படி மாறுகிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு சிறுமி, மூளை முடக்குவாதம். கழுத்து நிற்கும், கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது, வாய்ப்பேச்சு வராது, எல்லாம் புரியும். மூன்றாம் வகுப்புவரை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டார். பிள்ளை வளர்ந்தாள், எடை கூடியது, அம்மாவுக்கு முதுகு போய்விட்டது. அப்பா கேரளாவில் வேலை. பள்ளி நின்றுபோனது. நான் முதலில் போனபோது பின்கட்டு அறையில் பாயில் படுத்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த ஊர். எதிரணி நண்பர்களே, அந்த வீட்டில் எந்த மனம் மாற வேண்டும்? அம்மாவின் மனமா? தலைமையாசிரியர் "வரட்டுமே" என்றார். அக்கம்பக்கத்தார் தினமும் விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் பாசம் இருந்தது, அந்தப் பாசத்தோடு அவள் பாயிலேயே கிடந்தாள்.

அவள் அளவுக்குச் செய்த சக்கர நாற்காலி ஒன்று வாங்கினோம், முதுகுக்கும் கழுத்துக்கும் அணை வைத்தது. வாய்க்காலுக்கு மேலே ஒரு சிமெண்டுப் பலகை போட வேண்டியிருந்தது. பள்ளி வாசலில் சாய்தளம் கட்டினார்கள். மாடியில் இருந்த வகுப்பைக் கீழே மாற்றினார்கள். "ஒரு பிள்ளைக்காக வகுப்பையே மாற்றணுமா" என்று ஒரு குரல் வந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், 6 முதல் 18 வயதுவரை உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை இருக்கிறது என்ற பக்கத்தை எடுத்து வைத்தோம். அந்தக் குரல் அடங்கிவிட்டது. மனம் மாறி அடங்கியதா என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் அன்றைக்கு இல்லை. வகுப்பு கீழே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அவள் "ஆமாம்" என்றால் கண்ணை மேலே தூக்குவாள், "இல்லை" என்றால் கண்ணை மூடுவாள். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும். அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் கேள்வி கேட்டால், "டீச்சர், அவளுக்குத் தெரியுமாம், கண்ணைத் தூக்கிட்டா" என்று பின்பெஞ்சிலிருந்து சத்தம் வரும். நாற்காலியைத் தள்ளுவதற்கு முறை வைத்துக்கொண்டார்கள், முறை தவறினால் சண்டை. ஒருநாள் அவளுடைய அம்மா கண்கலங்கி என்னிடம் வந்தார். கூடப் படிக்கிற ஒருத்தி இவளோடு காய் விட்டுவிட்டாளாம். பேச்சுக்குப் பதிலாகப் படத்தைக் காட்டிப் பேசுகிற படப்பலகையில் இவள் வேண்டுமென்றே தப்பான படத்தைக் காட்டி அவளை ஏமாற்றிவிட்டாளாம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அதுவரைக்கும் அந்தப் பிள்ளையோடு யாரும் சண்டை போட்டதே இல்லை. எல்லோரும் "பாவம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பாவம் என்று நினைக்கிற ஒருத்தியோடு யாரும் காய் விட மாட்டார்கள். மறுநாள் பழம் விட்டாச்சு என்று கேள்விப்பட்டேன்.

நடுவர் அவர்களே, எதிரணி கேட்கிற மனமாற்றம் அதுதானே? அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தவில்லை, பேரணி போகவில்லை, உறுதிமொழி எடுக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள், மனம் மாறியது. அவள் வந்து உட்கார ஒரு நாற்காலி, ஒரு பலகை, ஒரு சாய்தளம், ஒரு சட்டப்பிரிவு தேவைப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சபையில் சொல்லத் தயங்குகிற விஷயம். கழிப்பறை. சக்கர நாற்காலி நுழைய வாசல் 90 சென்டிமீட்டராவது அகலம் வேண்டும், உள்ளே திரும்ப இடம் வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். இது இல்லாத பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிற பெண்பிள்ளைகள் காலையில் இருந்து தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டுக்குத் திரும்புகிறவரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். அப்புறம் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், விடுப்பு, கடைசியில் படிப்பே நின்றுவிடுகிறது. இந்தப் பிள்ளையை எவ்வளவு வேண்டுமானாலும் அன்பாக நடத்துங்கள், அவளுக்கு மத்தியானம் 1 மணிக்கு வேண்டியது கதவு அகலமான ஒரு கழிப்பறை. சில இடங்களில் அதைக் கட்டியும் இருக்கிறார்கள், கட்டி முடித்ததும் துடைப்பமும் பழைய பெஞ்சும் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் தெரியாது.

அன்பைச் சட்டத்தால் வாங்க முடியுமா என்று கேட்டார். இதற்கு நான் ஏர்வாடியைச் சொல்ல வேண்டும், மன்னியுங்கள்.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு எல்லா மதத்துக்காரர்களும் அங்கே உள்ள தர்காவுக்கு வருவார்கள். வந்தவர்களைத் தங்க வைக்கத் தனியார் காப்பகங்கள் இருந்தன. அப்படி ஒரு காப்பகத்தின் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களுக்கு அன்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டுப் போன பெற்றோர்கள் இருப்பார்கள், குணமாகி வருவான் என்று ஊரில் காத்திருந்த மனைவிகள் இருப்பார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் இருந்திருந்தால், மாதாமாதம் மாத்திரை கிடைத்திருந்தால், காப்பகத்தை ஆய்வு செய்ய ஓர் அதிகாரி வந்திருந்தால், அந்த 28 பேரும் பிழைத்திருப்பார்கள். அந்த விபத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ள ஒருவரை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது. சட்டம் அன்பைத் தராது, ஒத்துக்கொள்கிறேன். சங்கிலியை அவிழ்க்க அன்பு வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

அடுத்தது 1995 கேள்வி. நல்ல கேள்வி, எங்கள் அணிக்கே இதில் வருத்தம் உண்டு. 1995-இல் முதல் சட்டம் வந்தது, 7 வகைக் குறைபாடுகளைச் சொன்னது. 2016-இல் வந்த சட்டம் அதை 21 வகைகளாக விரித்தது, அரசு வேலையில் 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை 4 ஆக்கியது, பழைய பொதுக்கட்டடங்களை எல்லாம், விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்றது. விதிகள் 2017-இல் வந்தன. அந்த 5 ஆண்டு 2022-இலேயே முடிந்துவிட்டது. இன்னும் எத்தனை அலுவலகத்துக்குப் படி மட்டும்தான் வழி என்று உங்களுக்கே தெரியும். அப்படியானால் சட்டம் தோற்றதா?

ராஜீவ் ரதூரி என்பவர் பார்வை மாற்றுத்திறனாளி. பொது இடங்களும் சாலைகளும் தங்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் போனார். 2017-இல் தீர்ப்பு வந்தது. வேலை நடக்கவில்லை, வழக்கு தொடர்ந்தது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? சட்டத்தின் கீழ் எழுதிய விதிகளில் 15-ஆம் விதியைப் பிடித்தது. சட்டம் "கட்டாயம்" என்கிறது, ஆனால் அந்த விதி காட்டுகிற வழிகாட்டுதல்கள் எல்லாம் "செய்தால் நல்லது" என்ற பாணியில் இருக்கின்றன, ஆகவே இது சட்டத்துக்கே முரண் என்று அந்த விதியைச் செல்லாது என்றது. மீறவே முடியாத குறைந்தபட்சத் தரங்களை 3 மாதத்துக்குள் எழுதுங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

எதிரணி நண்பர்களே, இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இத்தனை வருடம் நடக்காமல் போனதற்குக் காரணம், சட்டத்தை வேண்டுகோள் மாதிரி எழுதி, கட்டுகிறவரின் நல்ல மனதுக்கு விட்டுவிட்டதுதான். உங்கள் வழியைத்தான் இத்தனை காலம் முயன்று பார்த்திருக்கிறோம். கட்டடம் கட்டி முடித்ததும் சாய்தளம் இருக்கிறதா, சரிவு சரியா, கழிப்பறைக் கதவின் அகலம் என்ன என்று அளந்து பார்த்து, இல்லையென்றால் நிறைவுச் சான்று கிடையாது என்று ஒரே ஒரு பொறியாளர் உறுதியாக நின்றால் போதும். கட்டுகிறவர் அடுத்த கட்டடத்தில் தானாக வைப்பார்.

அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பேருந்தே சாட்சி. 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கு இலவசம், துணைக்கு வருகிறவருக்கும் இலவசம். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் முதல் படி முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. டிக்கெட் வேண்டாம் என்கிற பேருந்தில் ஏறவே முடியவில்லை. தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக வழக்கு நடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் 2024-இல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகத் தாழும், பலகை விரியும், சக்கர நாற்காலி உள்ளே போகும். மூட்டுவலிக்காரப் பாட்டியும் கைப்பிள்ளையோடு நிற்கிற தாயும் அதே வாசலில்தான் சிரமமில்லாமல் ஏறுகிறார்கள். தென்காசிக்கு அது எப்போது வரும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஓட்டலில் ஒரு பழக்கம் பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், கூட வந்தவரைப் பார்த்து, "இவருக்கு என்ன சார் வேணும்?" என்று கேட்பார்கள். வங்கியில் காது கேளாத ஒருவர் போய் நின்றால், "துணைக்கு யாரும் வரலையா?" என்று எழுதிக் காட்டுவார்கள். இது மனக்குறைதானே என்று எதிரணி துள்ளும். மனக்குறைதான். எங்கிருந்து வந்தது? அந்த ஓட்டலுக்கு இவர்களில் ஒருவர் தனியாக வந்து, தானே பார்த்து, "ரெண்டு இட்லி, ஒரு வடை, சாம்பார் தனியா" என்று சொல்லி, தானே பணம் கொடுத்துவிட்டுப் போவதை அந்தத் தம்பி பார்த்ததில்லை. வாசலில் மூன்று படி இருந்தால் எப்படிப் பார்ப்பான்? தினமும் ஒருவர் வந்தால் மூன்றாம் நாள், "அண்ணே, இன்னைக்கும் வடை உண்டா?" என்று அவரிடமே கேட்பான்.

ஆய்க்குடி ராமகிருஷ்ணன் அவர்களைச் சொன்னார் எதிரணித் தலைவர். நம் மண்ணின் பெருமை, இங்கிருந்து பக்கத்தில்தான். 1975-இல், பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயலிழந்து ஊருக்குத் திரும்பினார். 1981-இல், சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டில், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ. அவருடைய நெஞ்சுறுதிக்கு ஈடு சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஆனால் அந்த உறுதியை வைத்து அவர் செய்தது என்ன? ஊரின் மனம் மாறட்டும் என்று காத்திருந்தாரா? பள்ளி கட்டினார், சிகிச்சை மையம் கட்டினார், சக்கரம் போகிற பாதை போட்டார், ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தேடிப்போய் ஆரம்பத்திலேயே சிகிச்சை கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். எங்கள் அணியின் முதல் சாட்சியே அவர்தான். அப்புறம் ஒன்று. எல்லோரும் ராமகிருஷ்ணன் ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். பதக்கம் வாங்காதவருக்கும் ரேஷன் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீட்டில் அதைக் கேட்காத தாய் கிடையாது. "எனக்கு அப்புறம் இவனை யார் டீச்சர் பார்ப்பா?" பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், அம்மாவுக்கு அறுபது. அவன் சட்டைப் பொத்தானை இன்னும் அம்மாதான் போட்டுவிடுகிறார். இந்தக் கேள்விக்கு எதிரணியின் பதில் என்ன? சொந்தக்காரர்கள் மனம் வைப்பார்கள் என்பதா? சில வீட்டில் வைப்பார்கள். தங்கை வைப்பாள், தங்கை கல்யாணமாகிப் போன வீடு வைக்குமா? ஒரு தாய் நிம்மதியாகக் கண்ணை மூட, "யாராவது மனம் வைப்பார்கள்" என்ற பதில் போதாது.

1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள குழு சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கும். இது பல பெற்றோருக்கு இன்னும் தெரியாது. இங்கே யாராவது இருந்தால், நாளைக்கே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் பாதுகாவலர் மட்டும் போதாது, வீடு வேண்டும். ஊருக்கு வெளியே மதில் எழுப்பிய விடுதியில் கொண்டுபோய் விடுவது வீடு ஆகாது. சென்னையில் பானியன் என்ற அமைப்பு 2015 முதல் வேறு மாதிரி செய்துவருகிறது. மனநோயோடு வருடக்கணக்கில் காப்பகத்தில் இருந்த பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். உதவிக்கு ஆள் உண்டு. தானே சந்தைக்குப் போகிறார்கள், என்ன குழம்பு வைப்பது என்று தாங்களே முடிவு செய்கிறார்கள், பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்குகிறார்கள். கறிவேப்பிலை கேட்டு வாசலில் வந்து நின்றவளைப் பக்கத்து வீட்டுக்காரி எத்தனை நாளைக்குப் பயத்தோடு பார்ப்பாள்? அந்த வீட்டுக்கு வாடகையும் உதவியாளருக்குச் சம்பளமும் மாதாமாதம் வேண்டும். தமிழக அரசு கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு இப்போது மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி தருகிறது. நல்லது, ஆனால் இந்தத் தொகையில் எந்தத் தாயும் நிம்மதியாக இருக்க முடியாது. கூட்டிக் கேட்க வேண்டும்.

மனம் வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. எது முதலில் என்பதுதான் கேள்வி. 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று வந்தபோது ஊர் என்ன பேசியது? "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்றது. சில ஊரில் தலைவி வீட்டில் இருந்தார், கணவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஊர் மனம் மாறட்டும், அப்புறம் இடம் கொடுப்போம் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் நாம் அங்கேயேதான் நின்றிருப்போம். இடம் முதலில் வந்தது, தண்ணீர்த் தொட்டியும் தெருவிளக்கும் வாங்கி வந்த தலைவிகளைப் பார்த்து மனம் பின்னால் வந்தது. இப்போது பாதி இடம் பெண்களுக்கு, ஆச்சரியமாகப் பார்க்க ஆளில்லை.

அதே வழியில்தான் 2025-இல் தமிழகச் சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினராக்க வழி செய்திருக்கிறது. தெருவுக்கு எது வேண்டும் என்று பேசுகிற மேசைக்கு, அந்தத் தெருவில் சக்கரத்தை உருட்டுகிறவரே வந்து உட்காரப் போகிறார். அவர் வந்து உட்கார ஊராட்சி அலுவலகத்துக்குச் சாய்தளம் இருக்கிறதா? பல ஊர்களில் கிராம சபை நடக்கிற இடத்துக்கே படி ஏறித்தான் போக வேண்டும்.

அடுத்த கிராம சபை ஜனவரி 26. இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. இங்கே பத்து ஊர்க்காரர்களாவது உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, பள்ளி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், நூலகம், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். உயரம் எத்தனை, சாய்தளம் இருந்தால் நீளம் எத்தனை, கழிப்பறைக் கதவு எத்தனை சென்டிமீட்டர், பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று எழுதுங்கள். அளக்கும்போது உங்கள் தெருவில் சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ போகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த இடத்தில் முதலில் வேண்டும் என்று அவர் சொல்வார். அதைத் தீர்மானமாகக் கிராம சபை நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள், எந்த நிதியில் எந்த மாதத்துக்குள் என்பதையும் சேர்த்து. ஏற்ற மறுத்தால், பழைய பொதுக்கட்டடங்களை மாற்றியமைக்கச் சொல்கிற 2016 சட்டத்தின் 45-ஆம் பிரிவு என்று சொல்லுங்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.